செங்கோலும் எழுத்தாணியும்

சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்தது. 1947-ஆம் வருஷம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், நேருவுக்குத் தமிழ்நாட்டு மடம் ஒன்றிலிருந்து செங்கோல் கொண்டுபோய்க் கொடுத்தார்களாமே! செங்கோல் கொடுப்பதற்கு அவர்கள் யார்? ராஜாக்களா?" என்று கேட்டான். அவன் பக்கத்தில் இருந்தவன், "ராஜாவாவது! மடம் என்றால் சோறு போடுகிற இடமடா!" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் மணி அடித்தது, அன்றைக்குத் தப்பினேன்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. 'ஆண்டிகள் கூடி மடம் கட்டினாற் போல' என்று நாம் கேலி பேசுகிறோம். நடவாத காரியத்துக்கு அது உவமை. உண்மையில் ஆண்டிகள் கூடித் தமிழ்நாட்டில் மடம் கட்டத்தான் கட்டினார்கள். அம்மடங்கள் சோழர், பாண்டியர் இல்லாமற்போன பின்பும், நாயக்கரும் மராட்டியரும் கும்பினியாரும் வந்து சென்ற பின்பும் நிலைத்து நிற்கின்றன. அப்படி நிலைத்தவற்றுள் ஒன்று திருவாவடுதுறை ஆதீனம். என் மாணாக்கனுக்குச் சொல்ல வேண்டிய விடையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

செங்கோல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சுதந்திரத்துக்கு முதல் நாளான அந்த ஆகஸ்ட் 14-ஆம் தேதி, திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தம்பிரான் ஒருவர் டில்லியில் நேருவின் இல்லத்துக்குச் சென்றார். பொன் முலாம் பூசி, உச்சியில் நந்தி அமைத்த செங்கோல் ஒன்றை அவரிடம் அளித்தார். ஓதுவார் தேவாரம் ஓத, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் வாசித்தார். பின்பு அச்செங்கோல் பல ஆண்டுகள் அலகாபாத் காட்சிசாலையில் இருந்தது. 2023-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி புதிய பார்லிமெண்ட் மண்டபத்தில் அதை நிறுவினார்கள். அன்றைய சடங்குக்குப் பொருள் என்ன என்பது பற்றிப் பெரிய வாதம் எழுந்தது. பத்திரிகைகளும் பத்தி பத்தியாக எழுதின. அந்த வாதத்தில் நான் புகப்போவதில்லை. திருவாவடுதுறை என்றவுடன் ஜனங்களுக்குச் செங்கோல் ஒன்றே நினைவுக்கு வருகிறதே என்பதுதான் என் குறை. அந்த மடம் நாட்டுக்குக் கொடுத்த பெரிய கொடை பொன்னால் ஆனதன்று. அது பனையோலையிலும் இரும்பு எழுத்தாணியிலும் இருந்தது.

கும்பகோணத்திலிருந்து மாயூரம் செல்லும் ரெயில் பாதையில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிறு ஸ்டேஷன் உண்டு. நாகஸ்வரம் செய்வதற்குப் பேர்போன ஊர் அது. அதற்கு அருகில், காவிரியின் தென்பகுதியில் இருக்கிறது திருவாவடுதுறை. தந்தையார் வேள்வி செய்வதற்காகத் திருஞானசம்பந்தர் இவ்வூர் இறைவனிடம் ஆயிரம் பொன் பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. திருமூலர் இங்கே அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து ஆண்டுக்கு ஒரு பாடலாகத் திருமந்திரம் அருளினார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. சம்பந்தர் பொன் பெற்ற ஊரில், திருமூலர் தமிழ் தந்த ஊரில், பிற்காலத்தில் மடம் ஒன்று தோன்றியதில் வியப்பில்லை.

மடத்தின் ஆதிபுருஷர் நமச்சிவாய மூர்த்திகள். அவருடைய குருபரம்பரை மெய்கண்டாரிடத்தே சென்று சேருகிறது. இந்தப் பரம்பரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் சிறு பிராயத்திலேயே சிவஞானபோதத்தைப் போதித்தவர் மெய்கண்டார். அவருடைய குடும்பத்துக்கே குலகுருவாக இருந்தவர், சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற முதியவர். அவர் ஒரு நாள் வந்து, "ஆணவமலம் என்பது எப்படியிருக்கும்?" என்று அந்தச் சிறு குருவை வினவினாராம். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. கேட்டவரையே உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான், பண்டிதர் அந்தப் பிள்ளையின் காலில் விழுந்து சீடராகி, அருணந்தி சிவாசாரியார் ஆனார். அந்த வழியில் வந்த உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர் மரபினர். அவரோ வேறு குலத்தவரான மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டார். அதனால் சொந்த ஜனங்களின் கோபத்துக்கு ஆளானார். உமாபதி சிவம் தம் 'சங்கற்ப நிராகரண'த்தில் குறித்திருக்கும் சக ஆண்டு கி.பி. 1313-க்குச் சரியாகிறது. ஆகவே இவர்கள் வெறும் கதைமாந்தர் அல்லர். காலம் தெரிந்த ஆசிரியர்கள்.

மூத்தவன் இளையவனிடம் கற்கலாம். குலத்தில் உயர்ந்தவன் என்று சொல்லப்பட்டவன் அப்படிச் சொல்லப்படாதவனிடம் கற்கலாம். அறிவு எங்கே இருக்கிறதோ அங்கே கைகட்டி நிற்க வேண்டும். இது மடத்தின் அஸ்திவாரத்தில் வைத்த கல். மேலே எழுந்த கட்டடம் எல்லாக் காலத்திலும் இக்கல்லுக்கு ஏற்றபடி இருந்ததா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மடத்தில் இருப்போர் யார்? தலைவரைச் சந்நிதானம் என்பார்கள். அவருக்குப் பின் பட்டத்துக்கு வர வேண்டியவர் சின்னப்பட்டம். துறவு பூண்டு காஷாயம் தரித்தவர்கள் தம்பிரான்கள். அவருள் சிலர் மடத்தின் கோயில்களையும் கட்டளைகளையும் கிளை மடங்களையும் பார்த்துக்கொள்வார்கள். இவர்களோடு ஓதுவார்கள், வித்துவான்கள், காரியஸ்தர்கள், படிக்க வந்த பிள்ளைகள். வருஷந்தோறும் தை மாதத்தில் நமச்சிவாய மூர்த்திகளின் குருபூஜை நடைபெறும். புலவர்களும் சங்கீத வித்துவான்களும் அதற்குத் திரளாக வருவார்கள். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. ஆகையால் என் வகுப்புப் பையன் சொன்னது பொய்யன்று. சோறு போடுகிற இடந்தான். ஆனால் அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஏடு விரித்திருந்தது. அதை அவன் அறியான்.

ஏடு என்பது லேசான பொருளன்று. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் பனையோலை என்றென்றும் தாங்காது. கரையான் ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். சுவடியை அவ்வப்போது அவிழ்த்துத் தூசி தட்டி, மை பூசி, காற்றாட வைத்துக் கட்ட வேண்டும். ஓரம் ஒடியத் தொடங்கியதும் ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் முழுவதையும் எழுத்தாணியால் பிரதி செய்ய வேண்டும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் நூல் அடுத்த தலைமுறைக்கு இல்லை. இந்த வேலையைத் தனி மனிதர் எத்தனை பேர் செய்ய முடியும்? வீடு பாகமாகும், வாரிசு வேறு தொழிலுக்குப் போகும். 'இந்தப் பழைய ஓலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வீடுகள் எத்தனையோ. மடத்துக்குப் பாகப்பிரிவினை இல்லை. ஒரு சந்நிதானம் மறைந்தால் மற்றொரு சந்நிதானம். ஆகையால் ஏடு பிழைத்தது.

ஏடு பிழைத்தால் மட்டும் போதுமா? அதைப் படிப்பிக்கும் ஆள் வேண்டாமா? அதற்கும் மடம் வழி செய்தது. திருநெல்வேலிச் சீமையில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு சிறுவன் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது வழியில் தம்பிரான்கள் சிலரைக் கண்டான். வணங்கித் தன் வீட்டுக்கு அமுதுண்ண அழைத்துச் சென்றான். தகப்பனார் வீட்டில் இல்லை; தாயார் முகமலர்ந்து உபசரித்தாள். தாயின் அன்பைப் புகழ்ந்து சிறுவன் அப்போதே ஒரு வெண்பாப் பாடினானாம். தம்பிரான்கள் திகைத்தார்கள். தகப்பனார் வந்ததும், "இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தந்துவிடும்" என்று கேட்டார்கள். அச்சிறுவன்தான் சிவஞான முனிவர். சிவஞானபோதத்துக்கு அவர் இயற்றிய மாபாடியம் சைவ சித்தாந்தத்தில் தனி மலை போல நிற்கிறது. தொல்காப்பியச் சூத்திர விருத்தியும், காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டமும் அவர் செய்தவை. அவர் காஞ்சியில் மறைந்தது 1785-ஆம் வருஷம். அவருடைய மாணாக்கர் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடினார்.

நூறு வருஷம் தள்ளி வருவோம். 1815-ஆம் வருஷம் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இளமையில் படிப்புக்குப் பட்ட பாட்டைக் கேட்டால் இக்காலப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். திருச்சிராப்பள்ளியில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துத் திரிந்த பரதேசி ஒருவரிடம் தண்டியலங்காரம் இருந்தது. பிள்ளை அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, அவர் மனம் இரங்கும்போது அதைப் பாடம் கேட்டார். இப்படி இரந்து சேர்த்த கல்வியைப் பிற்காலத்தில் அவர் வாரி வழங்கினார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'மகாவித்துவான்' என்று பட்டம் தந்து, ஆதீன வித்துவானாகவும் வைத்துக்கொண்டது. அவர் புராணம் பாடும்போது வாயால் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார்; எதிரே ஒரு மாணாக்கர் எழுத்தாணி ஓடுகிற வேகத்தில் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். அவரிடம் படித்தவர்களில் தியாகராச செட்டியார் உண்டு. கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை உண்டு. முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். அருணந்தி காலத்துக் கல் அங்கே இன்னும் அசையாமல் இருந்தது.

1871-ஆம் வருஷம் அவரிடம் பாடம் கேட்க வந்த பிராமணப் பிள்ளைதான் சாமிநாதன். அவர் ஆசிரியரோடு மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்து அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நூற்றுக்கணக்கில் படித்தார். 1876-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி, திருவாசகம் ஓதக் கேட்டவண்ணமே பிள்ளையவர்கள் உயிர் நீத்தார். பதினாறாவது பட்டத்திலிருந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அநாதையாக நின்ற மாணாக்கரை அணைத்துக்கொண்டு தாமே பாடம் சொன்னார். தமிழும் வடமொழியும் சங்கீதமும் அறிந்த மகான் அவர்; சிறுவராக இருந்த வைத்தியநாதையரின் பாட்டைக் கேட்டு 'மகா' என்ற பட்டத்தைக் கொடுத்தவரும் அவரே. 1880-ஆம் வருஷம் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை வந்தபோது, பிரிய மனமில்லாமலே தம் மாணாக்கரை அனுப்பி வைத்தார்.

அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி நடந்த சந்திப்பைத் தமிழர் யாரும் மறக்கலாகாது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சென்று கண்டார். "என்னென்ன படித்திருக்கிறீர்?" என்று அவர் கேட்டார். ஐயர் தாம் படித்த பிரபந்தங்களை வரிசையாக ஒப்பித்தார். முதலியாருக்கு அதில் திருப்தி உண்டாகவில்லை. "இவையெல்லாம் இருக்கட்டும், சீவகசிந்தாமணி படித்ததுண்டா?" என்ற பொருளில் வினவினார். ஐயர் படித்ததில்லை. தமிழ்க் கடலையே நீந்திவிட்டதாக எண்ணியிருந்தவருக்கு அப்போதுதான் தாம் கரையிலே நிற்பது தெரிந்தது.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். தமிழுக்கே உறைவிடம் என்று சொல்லத்தக்க மடத்தில், தமிழுக்கே மகாவித்துவானிடம், பல ஆண்டு இரவு பகலாகப் படித்தவர் அவர். அவருக்குச் சிந்தாமணி தெரியாது. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் பாடமாகவில்லை. அந்த ஏடுகள் மடத்தில் இல்லையா? இருந்தன! பின்னாளில் அவர் தேடத் தொடங்கியபோது, மடத்துப் புத்தகசாலையின் பழஞ்சுவடிகளிடையே சங்கநூல்களும் கிடைத்தன. அதாவது, பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் கேட்ட இடத்துக்கு எட்டிய தூரத்திலேயே, கட்டு அவிழாமல் அவை உறங்கிக்கொண்டிருந்தன. காப்பாற்றியவர்கள் படிக்கவில்லை, படித்தவர்கள் அவை இருப்பதை அறியவில்லை.

இதற்காக மடத்தைக் குறை கூறுவதா, புகழுவதா? நான் இரண்டையும் செய்வேன். அவிழ்த்துப் பார்க்காவிட்டாலும், நூற்றாண்டு நூற்றாண்டாக அவற்றை எறிந்துவிடாமல் வைத்திருந்தார்களே, அது புகழுக்குரியது. சிவஞான முனிவரின் மாபாடியத்தை வெளியே விடாமல் பூட்டிவைத்திருந்து, அது முழுவதும் அச்சேற இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்ததே, அது குறைதான். மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. மடத்துக்கு நிலபுலங்கள் ஏராளம். அந்த நெல்லால்தான் புலவர்கள் உண்டார்கள். அந்த வயல்களில் சேற்றில் நின்ற ஏழை ஜனங்களின் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கட்டு அவிழவே இல்லை. மெய்கண்டாரும் உமாபதியாரும் வைத்த கல் அங்கே ஏனோ மறந்துபோயிற்று. அந்தப் பிள்ளைகளின் பேரன்மார் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கோலைப் பற்றி என்னைக் கேள்வி கேட்கிறார்கள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனாலும் பூட்டைத் திறந்தவரும் அந்த மடத்தின் பிள்ளையே என்பதை எண்ணிப் பாருங்கள். தாம் அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம், ஓர் எழுத்துக்காக ஊர் ஊராக அலையும் பொறுமை, ஏட்டைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பக்தி - இவை அவருக்கு மடத்தில் கிடைத்தவை. சைவ மடத்தில் வளர்ந்த அவர், சமண காவியமான சிந்தாமணியைப் புரிந்துகொள்வதற்காகக் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். முதியவரான அருணந்தி சிறு பிள்ளையின் முன் நின்றாரே, அதுதான் இது. 1887-ஆம் வருஷம் சிந்தாமணி அச்சாகி வந்தது. அடுத்த வருஷம் சுப்பிரமணிய தேசிகர் பரிபூரணம் அடைந்தார். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. தமிழர் தம் பழைய செல்வத்தைத் தாமே முதன்முறையாகக் கண்டது போல் கண்டார்கள்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு 1849-ஆம் வருஷம் 'நாவலர்' என்ற பட்டம் கொடுத்ததும் திருவாவடுதுறைதான். அப்போது அவர் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்குப் புறப்பட்டு வந்திருந்தார். ஏட்டைக் காத்த மடம் அச்சுக்கு ஆள் அனுப்பி ஆசீர்வதித்தது போல அச்சம்பவம் எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் பாடசாலைச் சமாசாரம் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியனல்லன். எங்கள் பாடசாலையில் புத்தக அலமாரி மூன்று உண்டு. மூன்றுக்கும் பூட்டு உண்டு. புத்தகம் கிழிந்துவிடும், தொலைந்துவிடும், தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார் என்று பயந்து, சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு எட்டு வருஷங்களாக அடியேனுடையது. புத்தகங்கள் குறையவில்லை. ஒன்றுகூடக் கிழியவில்லை. மடத்துக்கு நான் சொன்ன குறை எனக்கே பொருந்துகிறது என்பதை, இக்கட்டுரைக்காக அலமாரியைத் திறந்து, தூசி மூக்கில் ஏறித் தும்மியபோது உணர்ந்தேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனுக்கு விடை சொன்னேன். "அப்பா, அவர்கள் ராஜாக்கள் அல்லர். ஆண்டிகள். செங்கோல் ஒரு நாள் கொடுத்தார்கள்; ஏட்டைப் பல நூறு வருஷம் காத்தார்கள். அந்த மடத்தில் படித்த ஒருவர் அதை அவிழ்த்து உன் கையில் கொடுத்தார். நீ படித்தால் அவர்கள் கொடுத்தது கொடுத்ததாகும்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "ஸார், அந்தப் புஸ்தகம் நம் அலமாரியில் இருக்கிறதா?" என்று கேட்டான்.

இருந்தது. சிலப்பதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பற்றிச் சொன்னவன், "எனக்கு?" என்றான். அவனுக்கு மணிமேகலையைக் கொடுத்தேன். அமுதசுரபியின் கதை அதில் இருப்பதால் அவனுக்கு ஏற்ற நூல் என்று நினைத்தேன். அலமாரியைப் பூட்டவில்லை. சாவி மேஜையின் மேலேயே இருக்கிறது. அடுத்த தணிக்கையில் இரண்டு புத்தகம் குறைந்தால் அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுகிறேன். நேயர்கள் வீட்டுப் பரணிலும் அவிழாத கட்டு ஏதேனும் கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.